சீட்டாட்டப் போட்டி நடுவர்

சீட்டாட்டப் போட்டி நடுவர் என்பவர் சீட்டு விளையாட்டுப் போட்டிகளில் விதிகளை விளக்கி, ஆட்டத்தின் நடுவே நேரும் பிழைகளைச் சரிசெய்து, ஐயத்துக்குரிய இடங்களில் முடிவு சொல்பவர் ஆவார். ஒப்பந்த பிரிட்ஜ் போன்ற முறைப்படுத்தப்பட்ட ஆட்டங்களில் இப்பொறுப்பைப் பயிற்சி பெற்ற போட்டி இயக்குநர் ஏற்கிறார். ஊர் விழா, கல்லூரி விடுதி, குடியிருப்போர் சங்கம் முதலியவற்றில் பொழுதுபோக்காக நடக்கும் போட்டிகளில் ஆட்டம் தெரிந்த ஒருவரே நடுவராக அமர்த்தப்படுகிறார். இவ்வாறு முதன்முறை பொறுப்பேற்பவர் அறிய வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நடுவரின் பணி

கால்பந்து நடுவர் ஆட்டம் முழுவதையும் பார்த்துக்கொண்டு தாமே ஊதல் ஊதுகிறார். சீட்டாட்ட நடுவரால் அது முடியாது. ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆட்டம் நடக்கும். ஒவ்வொரு மேசையிலும் சீட்டுகள் மறைவாக இருக்கும். ஆகவே பெரும்பாலும் பிழை நடந்து முடிந்த பிறகே அவர் அழைக்கப்படுகிறார். தாம் காணாத ஒன்றைக் கேட்டறிந்து முடிவு சொல்ல வேண்டியிருப்பதே இப்பணியின் சிக்கல்.

உலக பிரிட்ஜ் கூட்டமைப்பின் 2017ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் இதற்கு அடிப்படையான கருத்து உள்ளது. பிழையால் பாதிக்கப்பட்ட தரப்புக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்வதும், பிழை செய்த தரப்புக்கு அதனால் கிடைத்த ஆதாயத்தை நீக்குவதுமே புள்ளித் திருத்தத்தின் நோக்கம் என்கிறது 12ஆம் விதி. 1993இல் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற சேகரிப்புச் சீட்டு ஆட்டத்திலும், கடைகளில் நடக்கும் சாதாரணப் போட்டிகளுக்கான நடுவர் வழிகாட்டி தண்டனையைவிடக் கற்றுக்கொடுத்தலையே வலியுறுத்துகிறது. தண்டிப்பது இரண்டாவது வேலை. ஆட்டத்தைச் சரிசெய்து தொடரச் செய்வதே முதல் வேலை.

போட்டிக்கு முன்

பொழுதுபோக்குப் போட்டிகளில் எழும் சச்சரவுகளுக்கு முதன்மையான காரணம் ‘ஊர் விதி’ ஆகும். தமிழ்நாட்டில் பரவலாக ஆடப்படும் ரம்மி, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆடப்படும் இருபத்தெட்டு, யாழ்ப்பாணத் தமிழரிடையே செல்வாக்குள்ள முந்நூற்று நான்கு ஆகியவற்றுக்கு எல்லோரும் ஏற்ற ஒரே விதிநூல் இல்லை. புள்ளிச் சீட்டே வராதவர் மறுபகிர்வு கேட்கலாமா, துருப்பைத் திறக்கச் சொன்னவர் துருப்பையே போட்டாக வேண்டுமா என்பவை ஊருக்கு ஊர் மாறும். இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, முதல் சுற்றுக்கு முன் எல்லோரும் கேட்கப் படிக்க வேண்டும். முன்பே சொல்லப்பட்ட விதி எவ்வளவு எளியதாயினும் ஏற்கப்படும். சண்டை வந்த பின் சொல்லப்படும் விதி, சரியாகவே இருந்தாலும் ஒருதலைச் சார்பாகத் தோன்றும்.

சீட்டுக் கட்டுகளை நடுவரே எண்ணிப் பார்ப்பது நல்லது. இருபத்தெட்டுக்கும் முந்நூற்று நான்குக்கும் ஏழு முதல் ஆஸ் வரையிலான 32 சீட்டுகள் போதும். இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கு 1, பத்துக்கு 1 என ஓர் இனத்துக்கு 7 புள்ளிகள். நான்கு இனங்களுக்கும் சேர்த்து 28. முந்நூற்று நான்கில் ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என ஓர் இனத்துக்கு 76, மொத்தம் 304. இந்தக் கூட்டுத்தொகை நடுவருக்கு ஆயத்தமான ஒரு சோதனை. இரு அணிகளின் பிடிகளிலும் உள்ள புள்ளிகளைக் கூட்டினால் 28 அல்லது 304 வரவில்லை என்றால், எண்ணியதில் பிழை இருக்கிறது அல்லது சீட்டு குறைகிறது.

சீட்டைக் கலைப்பதற்கும் விதி தேவை. கட்டை இரு பாதியாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று சரியவிடும் முறையில் 52 சீட்டுக் கட்டு நன்கு கலைய ஏறத்தாழ ஏழு முறை கலைக்க வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். ஒருவர் கலைக்க, எதிரணியினர் வெட்டும் வழக்கத்தைக் கட்டாயமாக்கினால் பாதி ஐயங்கள் எழாமலே போகும்.

சுற்றுகளின் எண்ணிக்கையையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பொங்கல் விழாவுக்கு எட்டு அணிகளுடன் ஒருநாள் இருபத்தெட்டுப் போட்டி நடப்பதாகக் கொள்வோம். தோற்றவர் வெளியேறும் முறையில் முதல் சுற்றிலேயே நான்கு அணிகள் வீட்டுக்குப் போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒத்த வெற்றிகள் பெற்றவர்களை மோதவிடும் சுவிஸ் முறையில் யாரும் வெளியேறுவதில்லை. சமநிலை ஆட்டங்கள் இல்லாவிட்டால், எட்டு அணிகளில் மூன்றையும் வென்ற ஒரே அணியை மூன்று சுற்றுகளில் கண்டுவிடலாம். பதினாறு அணிகளுக்கு நான்கு சுற்றுகள் வேண்டும். 1895இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் கையாளப்பட்டதால் இப்பெயர் வந்தது.

அழைப்பு வந்தவுடன்

பிழை சுட்டிக்காட்டப்பட்டதும் நடுவரை உடனே அழைக்க வேண்டும் என்பது பிரிட்ஜ் விதி. ஆடுவோர் தாங்களாகவே தீர்த்துக்கொள்ளக் கூடாது. பொழுதுபோக்குப் போட்டியிலும் இதையே பின்பற்றலாம். அழைக்கப்பட்ட நடுவர் கீழ்க்காணும் வரிசையில் செயல்படுவது பயன் தரும்.

1. ஆட்டத்தை நிறுத்தி, யாரும் சீட்டைத் தொடவோ கலைக்கவோ கூடாது என்று சொல்ல வேண்டும். சீட்டுகள் கலைந்துவிட்டால் சான்று போய்விடும்.
2. அழைத்தவரை முதலில் பேசவிட வேண்டும், பின்னர் எதிர்த்தரப்பு. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. கையில் உள்ள சீட்டு எது என்பதை யாரும் வெளியே சொல்லக் கூடாது; தேவையானால் நடுவர் தனியே பார்த்துக்கொள்ளலாம்.
3. இருவரும் ஒப்புக்கொள்ளும் செய்திகளைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். இரு தரப்பும் மாறுபட்டுச் சொன்னால், எது நடந்திருக்கக் கூடும் என்பதற்கு வாய்ப்பு மிகுதியோ அதை ஏற்க வேண்டும்.
4. எழுதிய விதியைப் பார்த்த பின்பே முடிவு சொல்ல வேண்டும். நினைவை நம்பிச் சொல்வதைவிட இரண்டு நிமிடம் காக்கவைப்பது மேல்.
5. முடிவையும் அதற்கான காரணத்தையும் ஓரிரு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, ஆட்டம் மீண்டும் தொடங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

அடிக்கடி நேரும் பிழைகள்

சீட்டு எண்ணிக்கை மாறுதல்: ஒருவரிடம் ஒன்பது சீட்டும் மற்றவரிடம் ஏழும் இருப்பது முதல் சீட்டு இறங்குமுன் தெரிந்தால் மறுபகிர்வு செய்தால் போதும். பாதி ஆட்டத்தில் தெரிந்தால் அந்தக் கையையே நீக்க நேரிடும். இதைத் தவிர்க்க, சீட்டைத் திருப்பிப் பார்க்குமுன் கவிழ்த்த நிலையிலேயே எண்ண வேண்டும் என்ற பிரிட்ஜ் வழக்கத்தைக் கடைப்பிடிக்கலாம்.

தவறான ‘ஷோ’: பதின்மூன்று சீட்டு ரம்மியில் ஜோக்கர் கலவாத வரிசை ஒன்றாவது இல்லாமல் ஷோ காட்டுபவருக்கு 80 புள்ளிகள் விதிப்பது பரவலான வழக்கம். இங்கே நடுவர் கவனிக்க வேண்டியது தண்டத்தைவிட மற்றவர்களின் கைகளை. ஷோ சரிதான் என்று நம்பி அவர்கள் தம் சீட்டுகளைக் கீழே போட்டுவிட்டால், மீதமுள்ளோர் ஆட்டத்தைத் தொடர முடியாது. ஷோ சரிபார்க்கப்படும்வரை மற்றவர்கள் சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதை விதித்தாளில் சேர்க்க வேண்டும்.

இனம் இருந்தும் வேறு இனம் போடுதல்: பிடி எடுக்கும் ஆட்டங்களில் நடுவர் அடிக்கடி சந்திக்கும் பிழை இது. அடுத்த பிடி தொடங்குமுன் தெரிந்தால், போட்டதை எடுத்துவிட்டுச் சரியான சீட்டைப் போடச் செய்யலாம். அடுத்த பிடி தொடங்கிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. ஈடுதான் கட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

இருபத்தெட்டில் வடக்கு–தெற்கு அணி 16 கேட்டு ஆடுகிறது. துருப்பு திறந்தாகிவிட்டது. மூன்றாம் பிடியில் வடக்கு ஆர்ட்டின் ஜாக்கியை இறக்குகிறார். கிழக்கு ஆர்ட்டின் பத்தையும், தெற்கு ஆர்ட்டின் எட்டையும் போடுகின்றனர். மேற்கு துருப்பு எட்டால் வெட்டி, 4 புள்ளிகள் கொண்ட அந்தப் பிடியை எடுக்கிறார். ஆறாம் பிடியில் மேற்கின் கையிலிருந்து ஆர்ட்டின் ஏழு வெளிவருகிறது. முடிவில் இரு அணிகளுக்கும் தலா 14 புள்ளிகள். கேட்ட 16 வராததால் வடக்கு–தெற்கு தோற்றதாகக் கணக்கு.

மேற்கு ஏழைப் போட்டிருந்தால் மூன்றாம் பிடி வடக்குக்கே போயிருக்கும். அந்த 4 புள்ளிகளை மாற்றினால் வடக்கு–தெற்குக்கு 18, கிழக்கு–மேற்குக்கு 10. அடுத்த பிடியை வடக்கு தொடங்கியிருந்தால் பின்னர் வந்த பிடிகளும் மாறியிருக்கலாம் என்று மேற்கு வாதிடக்கூடும். அது உண்மைதான். ஆனால் அந்த ஐயத்தை உண்டாக்கியது மேற்கின் பிழை. எனவே ஐயத்தின் பயன் பிழை செய்யாத தரப்புக்கே சேர வேண்டும். 18 புள்ளிகளுடன் வடக்கு–தெற்கு வென்றதாக அறிவிப்பது முறை. அதற்கு மேல் மேற்கைப் போட்டியிலிருந்து நீக்குவதோ ஏமாற்றுக்காரர் என்று சொல்வதோ தேவையில்லை.

பிழையும் ஏமாற்றும்

கூட்டாளிக்குச் சாடை காட்டினார் என்ற புகார் வரும்போது நடுவர் மிகுந்த எச்சரிக்கையுடன் நடக்க வேண்டும். உயர்நிலை பிரிட்ஜ் போட்டிகளில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைக்கப்படுகிறது. அப்படியிருந்தும் 2015இல் முன்னணி இணை ஒன்றின் மீது எழுந்த குற்றச்சாட்டு, பல ஆட்டங்களின் காணொளிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னரே நிலைநாட்டப்பட்டது. அவ்வளவு உழைப்பு தேவைப்பட்ட ஒன்றை, ஓர் இருமலையோ கண்சிமிட்டலையோ கேள்விப்பட்டு ஒரு நிமிடத்தில் முடிவுகட்ட முடியாது. முதல் புகாரில் இரு அணிக்கும் பொதுவாக எச்சரித்து, பின்னர் அந்த மேசையருகே நின்று பார்ப்பதே பொருத்தம். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் ‘ஏமாற்றினான்’ என்று நடுவர் வாயிலிருந்து வரும் சொல் கோப்பையைவிட நீண்ட நாள் நிலைக்கும்.

அதே காரணத்தால், தம் உறவினரோ நெருங்கிய நண்பரோ ஆடும் மேசைக்கு வேறொருவரை அனுப்புவது நல்லது. ஆள் இல்லையென்றால் உறவை எல்லோர் முன்னும் சொல்லிவிட்டு முடிவு கூறலாம்.

நடுவர் தவறினால்

நடுவரும் தவறுவார். தவறான முடிவால் ஒரு கையை இயல்பாகக் கணக்கிட முடியாமல் போனால், இரு அணிகளையும் பிழை செய்யாதவர்களாகக் கருதிப் புள்ளி வழங்க வேண்டும் என்கிறது பிரிட்ஜின் 82ஆம் விதி. நடுவரின் தவறுக்கு ஆடுவோர் விலை கொடுக்கக் கூடாது என்பதே இதன் பொருள். முடிவை எதிர்த்து முறையிட ஒருவரையோ மூவர் குழுவையோ முன்பே பெயர் குறித்து வைத்து, முறையீட்டுக்கு நேர எல்லையும் வகுக்க வேண்டும். தவற்றை ஒப்புக்கொள்வதால் நடுவரின் மதிப்பு குறைவதில்லை.

சட்ட எல்லை

தமிழ்நாட்டில் பணம் வைத்துச் சூதாடுவதை 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் தடை செய்கிறது. திறமையை மட்டும் சார்ந்த ஆட்டங்களுக்கு அதன் 11ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆந்திரப் பிரதேச அரசின் மேல்முறையீடு ஒன்றில் 1967இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றும், மூன்று சீட்டு ஆட்டம் முழுக்க வாய்ப்பைச் சார்ந்தது என்றும் கூறியது. பணயம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து இடத்தை நடத்துபவர் ஆதாயம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எனவே மேசையில் பணம் வைக்காமலும், பார்வையாளர்கள் பந்தயம் கட்ட இடம் தராமலும், பரிசைக் கோப்பை, பாத்திரம் போன்றவற்றோடு நிறுத்தியும் போட்டி நடத்துவது பாதுகாப்பானது. பணம் கைமாறுவதைக் கண்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அமைப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த நிலையிலும் பந்தயப் பணத்தைத் தாம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட பிரிட்ஜில், ஆடவர் இணைப் பிரிவின் தங்கத்தை இந்தியாவின் பிரணப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இணை வென்றது. சீட்டாட்டம் என்றாலே சூது என்று கருதப்படும் சூழலில், எழுதிய விதியும் நடுநிலையான நடுவரும் இருக்கும்போது அது விளையாட்டாக மதிக்கப்படும் என்பதற்கு இது சான்று.