காலம் திரும்பாது, முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்யலாம்

அமெரிக்க எழுத்தாளர் ஜஸ்டின் ஏ. ரெனால்ட்ஸ் எழுதி 2019-இல் வெளிவந்த ‘ஆப்போசிட் ஆஃப் ஆல்வேஸ்’ இளையோருக்கான ஆங்கில நாவல். ஜேக் என்ற மாணவன் ஒரு விருந்தில் கேட் என்ற பெண்ணைச் சந்திக்கிறான். காதல் மலர்கிறது. சில மாதங்களில் அவள் இறந்துவிடுகிறாள். உடனே காலம் பின்னோக்கிப் போக, ஜேக் மீண்டும் அதே விருந்தில் நிற்கிறான். அவளைக் காப்பாற்றத் திரும்பத் திரும்பப் போராடுகிறான்.

காலம் திரும்புவது கற்பனை. கேட்டைத் தாக்கும் அரிவாள் செல் நோய் உண்மை. வட்டத் தட்டு வடிவில் இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. கடும் வலி, இரத்தசோகை, பக்கவாதம் வரை போகலாம். இந்தியாவில் இந்நோய்க்கூறு முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே பதிவானது.

மலேசியாவில் அதிகம் காணப்படுவது தாலசீமியா. இதுவும் பரம்பரை இரத்தக் குறைபாடுதான். கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் ஆயுள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

இரண்டும் தொற்றுநோய் அல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் ‘கடத்துநர்’. பெரும்பாலும் நலமாகவே இருப்பார், பரிசோதிக்காமல் தெரியாது. இருவரும் கடத்துநராக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 4-இல் 1. ஒருவருக்கு அரிவாள் செல் கூறும் மற்றவருக்கு பீட்டா தாலசீமியா கூறும் இருந்தாலும் ஆபத்து உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவருக்கும் ஒரே கூறு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

மலேசியச் சுகாதார அமைச்சு 2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்துடன் தாலசீமியா பரிசோதனை நடத்துகிறது. ஜொகூரில் பள்ளியிலிருந்து சம்மதப் படிவம் வந்தால், ஊசிக்குப் பயந்தோ “நாளை வரன் அமையாது” என்று அஞ்சியோ மறுக்க வேண்டாம். பள்ளியை விட்டவர்கள் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் விசாரிக்கலாம்.

கடத்துநர் என்பது குறை அல்ல. திருமணத்துக்குத் தடையும் அல்ல. இருவரும் கடத்துநர் என்றால் பிள்ளை பெறுவதற்கு முன் மருத்துவ ஆலோசனை பெற வேண்டும், அவ்வளவே. ஜாதகப் பொருத்தம் பார்க்கும்போதே இரத்தப் பரிசோதனை முடிவையும் கேட்டுக்கொள்ளலாம். ஜேக்கிற்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு நிஜத்தில் யாருக்கும் கிடைப்பதில்லை.