நீர்வழி – 9: துடுப்போடு நடக்க ஒரு கரை

மும்பையைச் சேர்ந்த கௌஸ்துப் காடே 2015இல் ஒற்றை ஆள் கயாக்கில் குஜராத்திலிருந்து புறப்பட்டு, மேற்குக் கடற்கரை நெடுகத் துடுப்புப் போட்டே கன்னியாகுமரி வந்து சேர்ந்தார். சுமார் 3,000 கிலோமீட்டர். அது தனிப்பயணம் என்று பேசப்பட்டது, தவறில்லை. படகில் இருந்தது அவர் ஒருவர்தான். ஆனால் அதே கடற்கரையை ஒட்டி ஷாஞ்சலி ஷாஹி சைக்கிளில் கூடவே வந்தார். தண்ணீரில் போகிறவரின் பயணத்தில் பாதி கரையில்தான் நடக்கிறது. ஒதுங்க இடம், குடிக்கத் தண்ணீர், ஆள் இன்னும் வந்து சேரவில்லையே என்று கவலைப்பட ஒரு மனம், எல்லாம் கரையில்தான் கிடைக்கும். நம் கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறினார் என்று நாம் சொல்லும் இடத்துக்கு இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றுதான் பெயர். அந்த வரலாற்றிலும் திருப்பாதிரிப்புலியூர் அடியார்கள் அவரை எதிர்கொள்ளத் திரண்டு நிற்கிறார்கள்.

ஒரு நகரத்தின் ஆறு உயிரோடு இருக்கிறதா என்று அறியத் தண்ணீரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறோம். அனுப்பத்தான் வேண்டும். அதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒருவர் படகில் ஊருக்குள் வந்தால், அவருடைய நண்பர் கரையோடு கூடவே நடந்து வர முடியுமா? திருவதிகையிலும் திருவந்திபுரத்திலும் கெடிலம் கோயிலோடு சேர்ந்த ஆறு. படியிறங்கினால் ஆறு. அங்கிருந்து கிழக்கே வந்து மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் இடையே நுழைந்ததும் அது பாலத்திலிருந்து பார்க்கும் ஆறாகிவிடுகிறது. அண்ணா பாலத்தில் பஸ் ஓடும் சில நொடிகள்தான் நம்மில் பெரும்பாலோருக்கும் கெடிலத்துக்கும் உள்ள உறவு. செம்மண்டலத்தில் நின்றால் வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம். இரண்டுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு, வெள்ளம் வரும் வாரத்தில் மட்டும் இரண்டையும் நினைத்துக்கொள்கிறோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் பெண்ணையாற்றின் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டபோது அப்படித்தான் நினைத்தோம்.

கரை போனால் நீர்வழி என்ன ஆகும் என்பதற்குப் பக்கிங்காம் கால்வாயைவிட நல்ல சாட்சி இல்லை. 1806இல் எண்ணூர்ப் பக்கம் தொடங்கிய வெட்டு, 1876–78 பஞ்சத்தில் கூலி வேலையாகச் சென்னை நகருக்குள் நீண்டு, கடைசியில் காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை ஒரே நீர்வழியாயிற்று. உப்பும் விறகும் நெல்லும் அதில் வந்தன. காற்று இல்லாதபோது ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்தார்கள். அதாவது படகோடு நடப்பதற்கான கரை அந்தக் கால்வாயின் உறுப்பாகவே இருந்தது. அன்றாடம் அங்கே கால் பதிந்த வரைக்கும் எங்கே மண் சரிந்தது, யார் வேலி போட்டார் என்பது ஒளிந்திருக்க முடியாது. பிறகு லாரி வந்தது, ரயில் வந்தது. படகு நின்றது, கரை வீடுகளுக்கும் குப்பைக்கும் போயிற்று. 1997இல் மயிலாப்பூரை எட்டிய பறக்கும் ரயிலுக்குத் தூண் ஊன்றக் கால்வாயையே எடுத்துக்கொண்டபோது, அது ஒரு வழி என்று வாதாட அதில் போகிறவர் யாரும் மிச்சமில்லை.

படகு நின்றதால் கால்வாய் கெட்டதா, கால்வாய் கெட்டதால் படகு நின்றதா என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போயின என்பதே என் எண்ணம். சரக்குப் போக்குவரத்து போனதற்குக் கரையைக் காரணம் சொல்ல முடியாது, அது பொருளாதாரம். ஆனால் சரக்கு போன பிறகும் கரை இருந்திருந்தால் பார்க்கிற கண்கள் இருந்திருக்கும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. நம் கடலூரில், உப்பனாற்றங்கரையில் சிப்காட் ஆலைகளை வைத்துக்கொண்டு நடைபாதை பற்றிப் பேசுவது நோயை விட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுவதாகாதா? பாதை எந்தக் கழிவையும் சுத்திகரிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு குழாய் எந்த நேரத்தில், என்ன நிறத்தில் ஆற்றில் விடுகிறது என்று சொல்லச் சாட்சி வேண்டும். இன்று அந்தச் சாட்சியாக இருப்பவர்கள் பெரும்பாலும் வலை போடுகிற மீனவர்களே. அவர்கள் சொல்வதைப் பிழைப்புக்கான புலம்பலாக நகரம் ஒதுக்கிவிட முடிகிறது, ஏனென்றால் நகரத்தில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததில்லை. கையில் ஜிபிஎஸ் இருக்கும்போது கரையில் ஆள் எதற்கு என்பாரும் உண்டு. திரையில் நகரும் புள்ளி படகு எங்கே என்று சொல்லும், தண்ணீர் எப்படி நாறுகிறது என்று சொல்லாது.

ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் தண்ணீரே இல்லையே என்றால், மேலே அது உண்மை. கழிமுகப் பகுதிக்குப் பொருந்தாது. கெடிலத்தின் கடைசிப் பகுதியிலும் உப்பனாற்றிலும் கடலின் ஏற்றவற்றம் உண்டு, சிறு தோணிக்கு அது போதும். அதற்காக எல்லாக் கரையிலும் பாதை போடு என்று நான் சொல்லவில்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்த பிச்சாவரத்தில், 2022 முதல் ராம்சார் பட்டியலில் இருக்கும் அந்தச் சுரபுன்னைக் காட்டில், வேர்தான் கரை. அங்கே கான்கிரீட் போடுவது பாவம். அங்கே துடுப்புப் போடும் படகோட்டிகளும், இடுப்பளவு நீரில் கையால் தடவி மீன் பிடிக்கும் இருளர்களுமே நாம் கேட்கிற கண்கள். கடலூர் நகரத்தின் நிலைமை வேறு. வெள்ளத்துக்குப் பயந்து இங்கே கரையை உயர்த்தும் வேலை எப்படியும் நடக்கப்போகிறது. அப்போது மேலே ஆள் நடக்க அகலமான மண்பாதையும், ஒவ்வொரு பாலத்தருகிலும் தோணி ஒதுங்க ஒரு சரிவும் விட்டுக் கட்டினால் செலவு பெரிதாக ஏறாது. 2015 வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்கு மீனவர்கள் லாரியில் படகு ஏற்றிக்கொண்டு போனார்கள். இங்கே படகு கழிமுகத்திலேயே கிடக்கிறது, அதை ஊருக்குள் இறக்கும் சரிவு எங்கெங்கே வர வேண்டும் என்று தேவனாம்பட்டினத்து மீனவர்களைக் கேட்டுத்தான் வரைபடம் போட வேண்டும்.