உங்களுக்குத் தெரியுமா? – டர்போ காரும் வீட்டு காரேஜும்

● டர்போவுக்கு வயது நூறைத் தாண்டி ரொம்ப நாளாகிறது. சுவிஸ் இன்ஜினீயர் ஆல்ஃபிரட் பூஷி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். ஆனால் அந்தக் கூடுதல் பெட்ரோல் எங்கிருந்து வரும், கூடிய விசையை எந்த கியர் தாங்கும்? வீட்டில் டர்போ காரைக் குடைபவர்களின் செலவெல்லாம் இந்த இரண்டு கேள்விகளில்தான் கரைகிறது.

● 1918-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான இன்ஜினை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின், 14,000 அடி உயரத்தில் 230-க்கு இறங்கியது. டர்போவை மாட்டியதும் 356. மெல்லிய மலைக்காற்றில், தரையில் கிடைத்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

● விற்பனைக்கான காருக்கு டர்போ வந்தது 1962-ல். அந்த ஆண்டு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் பெட்ரோல் டேங்க் தவிர இன்னொரு குட்டி டேங்கும் உண்டு. அதில் காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஊற்ற வேண்டும். இன்ஜினுக்குள் போகும் சூடான காற்றை அது குளிர்வித்து, நாக்கிங் (கலவை முறைதவறித் தானாக வெடிப்பது) வராமல் காக்கும். கம்ப்ரஷன் விகிதம் 10.25-க்கு 1, டர்போ இன்ஜினுக்கு அந்தக் காலத்தில் துணிச்சலான எண். திரவம் தீர்ந்தால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) தானாகக் குறையும்படி ஏற்பாடு இருந்தது. ஆனால் வாங்கியவர்கள் திரவம் ஊற்ற மறந்தார்கள். பிறகு ‘வண்டி இழுக்கவில்லை’ என்று ஷோரூமுக்கு வந்து நின்றார்கள். கடைசியில் கம்பெனியே பல கார்களில் டர்போவைக் கழற்றி எடுத்துவிட்டு, சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது.

● வீட்டு காரேஜ் டர்போ வேலைக்குப் பேர்போன கார்கள் பிறந்த ஊர், அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் உள்ள நார்மல். மிட்சுபிஷியும் கிரைஸ்லரும் சேர்ந்து அங்கே ‘டயமண்ட் ஸ்டார் மோட்டார்ஸ்’ என்ற ஆலையைக் கட்டின. மிட்சுபிஷி எக்லிப்ஸ், ஈகிள் டாலன், பிளிமத் லேசர் என்று ஒரே காருக்கு மூன்று பெயர்ப்பலகை. டர்போ ரகத்தில் இருந்தது 4ஜி63 என்ற இரண்டு லிட்டர் இன்ஜின். 1990-ல் நான்கு சக்கர இழுவை ரகத்தில் 195 குதிரைத்திறன். பழைய கார் சந்தையில் விலை இறங்கியதும் கல்லூரிப் பையன்கள் கையில் சிக்கியது. இரும்பு பிளாக் எவ்வளவு அடித்தாலும் தாங்கியது. சுற்றியிருந்த மற்றவைதான் வரிசையாகக் கையை விரித்தன. அந்த ஆலையில் இப்போது ரிவியன் கம்பெனி மின்சார வண்டிகள் செய்கிறது.

● பூஸ்டை ஏற்ற அந்தப் பையன்கள் வாங்கிய முதல் கருவி, மீன்தொட்டிக் கடையில் விற்கும் குட்டிக் காற்று வால்வு! டர்போவின் வேகத்தை அடக்குவது ‘வேஸ்ட்கேட்’ என்ற கதவு. பூஸ்ட் அழுத்தம் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வந்து அதைத் திறக்கும். அந்தக் குழாயில் கொஞ்சம் காற்றைக் கசியவிட்டால் கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் எகிறும். செலவு சில டாலர்தான். பின்னாலேயே வரும் செலவை யாரும் அந்த வால்வின் விலையோடு கூட்டிப் பார்ப்பதில்லை.

● காற்று அளவுக்கு மீறினால் கம்ப்யூட்டர் சும்மா இருக்காது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை ஒரு கணம் மூடிவிடும். ஓட்டுபவருக்கு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல இருக்கும். இதற்கு ‘ஃபியூவல் கட்’ என்று பெயர். கோளாறு இல்லை, காவல். இந்தக் காவலையே ஏமாற்றும் சின்னப் பெட்டிகளும் கடையில் விற்றன. அவற்றை வாங்கியவர்களில் சிலர் அடுத்த மாதம் பிஸ்டனும் வாங்கினார்கள்.

● ஓர் இன்ஜினுக்கு உச்சவரம்பு எதுவென்று இன்ஜெக்டரை வைத்தே கணக்குப் போடலாம். 4ஜி63-ன் மேனுவல் கியர் ரகத்தில் கம்பெனி வைத்தது நிமிடத்துக்கு 450 மி.லி. பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்கள். அவற்றை நூறு சதவீத நேரமும் திறந்து வைக்கக் கூடாது, 85 சதவீதம் எல்லை என்பது பொது வழக்கம். டர்போ இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் கால் கிலோ பெட்ரோல் கேட்கும். பெருக்கி வகுத்தால் 270 பக்கம் வந்து நிற்கும். அதற்கு மேல் எந்த டர்போவை மாட்டினாலும் பெட்ரோல் இல்லை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் எரிபொருளைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் பூஸ்டைத் தொடுவார்கள். நடைமுறையில் பெரும்பாலோர் செய்வது நேர் எதிர்.

● சில ரூபாய் பெறாத ஒரு ரப்பர் குழாய் இன்ஜினையே தின்றுவிடும் என்பது தெரியுமா? இன்ஜெக்டரின் வாய் இருப்பது பூஸ்ட் காற்று நிரம்பிய பாதையில். காற்று எதிர்த்துத் தள்ளும்போது பெட்ரோல் அதைவிட அதிக அழுத்தத்தில் இருந்தால்தான் உள்ளே போகும். அதற்காகவே பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டருக்கு அந்தப் பாதையிலிருந்து ஒரு சின்னக் குழாய் போகிறது. பூஸ்ட் ஒரு பங்கு ஏறினால் பெட்ரோல் அழுத்தமும் ஒரு பங்கு ஏறும்; வித்தியாசம் எப்போதும் 3 பார் அளவிலேயே நிற்கும். இப்போது அந்தக் குழாய் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பூஸ்ட் 1.4 பார் இருக்கும்போது வித்தியாசம் 1.6 பாராகச் சுருங்குகிறது. பாய்வு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பெட்ரோல் 27 சதவீதம் குறைந்துவிடும். ஐட்லிங்கில் வண்டி சமர்த்தாக நிற்கும், ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. முழு பூஸ்டில், இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் அந்த நொடியில்தான் கைவிடும். கலவை மெலியும், வெப்பம் ஏறும், நாக்கிங் வரும், பிஸ்டன் ஓரம் உடையும். குழாயின் இரு முனையிலும் கிளிப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

● புது ஃபியூவல் பம்ப் வாங்குவதற்கு முன் பழைய பம்ப்புக்கு எத்தனை வோல்ட் போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? டேங்க் வரை மெல்லிய வயர், பத்து கனெக்டர்; முப்பது வருஷத் துரு வேறு. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5-க்கு மேல் இருக்கும் வோல்ட், பம்ப்புக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு வோல்ட் இழந்திருந்தால் ஆச்சரியமில்லை. பேட்டரியிலிருந்து தடித்த வயரை ஃபியூஸ் வழியாக இழுத்து, டேங்க் பக்கத்தில் ஒரு ரிலே வைத்தால் அதே பம்ப் கூடுதலாகத் தள்ளும். ஒரு எச்சரிக்கை: ரிலேயை இயக்கும் சிக்னல் பழைய பம்ப் வயரிலிருந்தே வர வேண்டும். விபத்தில் இன்ஜின் நின்றால் கம்ப்யூட்டர் பம்ப்பையும் நிறுத்திவிடும். நேரடி சுவிட்ச் போட்டவர் காரில், கவிழ்ந்து கிடக்கும்போதும் பம்ப் பெட்ரோலை இறைத்துக்கொண்டிருக்கும்.

● பம்ப் அளவுக்கு மீறிப் பெரிதானாலும் வம்புதான். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் வால்ப்ரோ பம்ப் இந்த வட்டாரத்தில் பிரபலம். ஆனால் கம்பெனி ரெகுலேட்டரின் ஓட்டை சிறியது. மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப வழியில்லாமல் அழுத்தம் ஏறி, ஐட்லிங்கில் கரும்புகை வரும்.

● டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியபடியே மின்மோட்டார் ஓடுகிறதே, தீப்பிடிக்காதா? பிடிக்காது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் பற்றும். டேங்குக்குள் ஆவி அதைவிட அடர்த்தி. சுற்றியிருக்கும் பெட்ரோலே பம்ப்பைக் குளிரவும் வைக்கிறது.

● டேங்குக்கு வெளியே உழைக்கும் நல்ல பெட்ரோல் குழாயை வெட்டி உள்ளே பம்ப்பில் மாட்டினால் சில மாதங்களில் ஊறிப் பிசுபிசுத்துப் போகும். அதன் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். மேல் உறை மழைக்கும் வெப்பத்துக்கும் செய்தது. முழுக்க மூழ்கிக் கிடக்கும் குழாய்க்கென்றே தனித் தரம் இருக்கிறது, எஸ்.ஏ.இ. ஜே30ஆர்10. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். டேங்கை இன்னொரு தரம் இறக்கும் கூலி அதைவிட அதிகம்.

● பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். அமெரிக்க வீடுகள் பலவற்றில் கேஸில் எரியும் வெந்நீர் பாய்லரை காரேஜில் வைப்பார்கள். அதன் தீ தரையிலிருந்து 18 அங்குல உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்று கட்டட விதியே இருப்பது இதனால்தான். பெட்ரோல் லைனைக் கழற்றுவதற்கு முன் பம்ப் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்ற வேண்டும். கதவு திறந்திருக்கட்டும், பெட்ரோல் தீக்கான அணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்றைய நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களில் உயரழுத்த லைனில் 200 பாருக்கு மேல் இருக்கும். அதில் கசிவு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பது தோலுக்குள் பெட்ரோலை ஊசி போட்டுக்கொள்வதற்குச் சமம்.

● பெயின்ட் கடையில் டொலுயீன் வாங்கி டேங்கில் கலப்பது ஒரு காலத்து காரேஜ் வித்தை. ஆக்டேன் எண் ஏறும், நாக்கிங் குறையும். கேட்கக் கிறுக்குத்தனம்போல இருந்தாலும், 1988-ல் 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற மெக்லாரன் எம்பி4/4 காரின் ஹோண்டா டர்போ இன்ஜின் குடித்ததும் பெரும்பகுதி டொலுயீன்தான். ஹோண்டா அதைச் சூடாக்கி அனுப்பியது, ஏனெனில் எளிதில் ஆவியாகாது. வீட்டில் கலந்தவர்களிடம் அந்த ஏற்பாடு இல்லை. ரப்பர் பாகங்களும் மூச்சுக்குழாயும்தான் இருந்தன, இரண்டுக்கும் டொலுயீன் ஆகாது.

● அமெரிக்க பங்க்குகளில் கிடைக்கும் ‘இ85’ எத்தனால் கலவை, டொலுயீனை ஓரங்கட்டியது. ஆவியாகும்போது காற்றை நன்றாகக் குளிர்விக்கும்; நாக்கிங் எளிதில் வராது. ஆனால் ஒரே அளவு காற்றுக்கு, பெட்ரோலைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். இன்ஜெக்டர், பம்ப், லைன் எல்லாம் மறுபடி பெரிதாக வேண்டும். இன்னொரு சங்கதி: பெயரில் 85 இருந்தாலும், தரவிதிப்படி எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். குளிர்காலத்தில் குறைப்பார்கள். கோடையில் டியூன் செய்த கார் டிசம்பரில் முரண்டு பிடிக்கும்.

● எரிபொருள் சரி, பூஸ்ட் சரி. அடுத்து வழுக்குவது கிளட்ச். ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. கடினமான பிரஷர் பிளேட் போட்டால் தீரும். ஆனால் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த விசை கிராங்க் ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளும். அதைத் தாங்குவது ஒரே ஒரு த்ரஸ்ட் பேரிங். 1995 முதல் வந்த எக்லிப்ஸ், டாலன் கார்களில் அந்த பேரிங் தேய்ந்து கிராங்கே முன்னும் பின்னும் நகர்ந்த நோய்க்கு ‘கிராங்க்வாக்’ என்று பெயர் வைத்துப் பயந்தார்கள். ஃபிளைவீலை ஆறு போல்ட்டில் பிடித்த முந்தைய இன்ஜினைத் தேடிப் பிடித்து மாற்றியவர்கள் ஏராளம்.

● நான்கு சக்கர இழுவை இருந்தால் கியர்பாக்ஸ் பத்திரம் என்று நினைப்பவர் உண்டு. உண்மை தலைகீழ். இரண்டு சக்கர இழுவையில் விசை மிஞ்சினால் டயர் சுழன்று புகையாகத் தணியும். நான்கும் தரையைக் கவ்விக்கொண்டால் 5,000 ஆர்.பி.எம்.மில் கிளட்சை விட்ட அதிர்ச்சி மொத்தமும் கியர் பற்களிலும் ஆக்சிலிலும்தான் இறங்கும்.

● 1970 மார்ச் 8. கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் டிராக் பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் புறப்பட்ட நொடியில் காலடியிலிருந்த கியர்பாக்ஸ் வெடித்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விட்டது. மருத்துவமனையில் படுத்தபடியே, ஓட்டுநருக்குப் பின்னால் இன்ஜின் வைத்த காரைத் திட்டமிட்டார். மறு ஆண்டு அதே வடிவத்தில் வென்றார். உச்ச வகுப்பு டிராக் கார்கள் இன்றுவரை அந்த வடிவம்தான். ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து எடை குறைக்க நினைப்பவர் கவனிக்க: சுழலும் வார்ப்பிரும்பு உடைந்தால் துண்டுகள் பறக்கும் திசையில் உங்கள் கால் இருக்கிறது.

● ஒரே ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றினால், நான்கு சக்கர இழுவைக் காரின் நடு டிஃபரென்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. நேர் ரோட்டிலும் முன்பின் வேக வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும்.

● ஜப்பானில் விற்ற டொயோட்டா சுப்ரா டர்போவில் 440 மி.லி. இன்ஜெக்டர், ஏற்றுமதிக்குப் போனதில் 550. ஜப்பான் டர்போவின் உள்ளே பீங்கான் சக்கரம், ஏற்றுமதியில் எஃகு. நிஸான் ஆர்32 ஜிடிஆரிலும் பீங்கான்தான். பூஸ்ட் ஒரு பாரைத் தாண்டினால் அது பிய்த்துக்கொண்டு போகும் என்பது ஊரறிந்த விஷயம்.

● நம் ஊர் விர்டஸ், ஸ்லாவியா கார்களின் 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் தருவது 250 நியூட்டன் மீட்டர். கூடவே வரும் டிகியூ200 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு வடிவமைப்பு வரம்பு எவ்வளவு? அதே 250. லேப்டாப்பைச் செருகி ‘ரீமேப்’ செய்து 300 தாண்டலாம் என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கியரை உடைப்பது குதிரைத்திறன் இல்லை, டார்க்.

● இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தக விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கலிஃபோர்னியாவில் பொனட்டைத் திறந்து பார்த்தே புகைச் சோதனை செய்வார்கள். மாநில அனுமதி எண் இல்லாத டர்போ பாகம் கண்ணில் பட்டால் சான்றிதழ் கிடையாது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கு லாரியில் ஏற்றிப் போய் இறக்கும் கார் வேறு கணக்கு.