கரை மாறும் கோப்புகள்

மட்டக்களப்பு நகரில் போட்டோக்கொப்பியும் டைப்பிங்கும் செய்துகொடுக்கும் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கொம்பியூட்டர், அதில் லினக்ஸ். விண்ணப்பங்கள், கலியாண அழைப்பிதழ்கள், ஸ்கேன் எடுத்த அடையாள அட்டைகள் எல்லாம் 'ஹோம்' என்ற அடைவில் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒருநாள் டிஸ்க் நிரம்பிவிடும். அன்றைக்குக் கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வரலாம். உள்ளே போனதைப் பதிவதற்கான சின்னக் கோப்பு எழுதவும் பயனருக்கு இடமில்லை. ஈஎக்ஸ்டி4 கோப்புமுறை வழமையாக 5 சதவீத இடத்தை நிர்வாகியான 'ரூட்'டுக்கு ஒதுக்கி வைத்திருப்பதால், அவர் மட்டும் உள்ளே போகலாம்.

இந்த நெருக்கடி யுனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வுக்கூடத்திலேயே தொடங்கியதுதான். 1970களின் தொடக்கத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி குழுவினரின் பிடிபி-11 இயந்திரத்தில் இயங்குதளம் ஒரு டிஸ்கிலும் பயனர் கோப்புகள் 'யூஎஸ்ஆர்' என்ற பெயரில் இன்னொன்றிலும் இருந்தன. இயங்குதளம் பெருத்து, பயனரின் டிஸ்கிலும் குடியேறியது. கடைசியில் இடம்பெயர்ந்தவர்கள் பயனர்களே!

இன்றும் இடம் போதாதபோது ஹோமைப் புதிய பார்ட்டிஷனுக்கு, அதாவது டிஸ்கின் தனிப் பிரிவொன்றுக்கு, கொண்டுபோவதை 'நகர்த்துவது' என்கிறோம். உண்மையில் எதுவும் நகர்வதில்லை. ஒரே பார்ட்டிஷனுக்குள் இடம் மாற்றினால் கோப்பின் பெயர்ப் பதிவு மட்டும் மாறும்; ஜிபி கணக்கான வீடியோவும் நொடியில் முடிந்துவிடும். மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரை வீடொன்றுக்குப் புது இலக்கத் தகடு அடிப்பது போல. வேறு பார்ட்டிஷன் என்றால் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குச் சாமான் கொண்டுபோகும் கதை: 2014இல் மண்முனைப் பாலம் வருமுன் செய்ததுபோல, துறையில் ஏற்றி அக்கரையில் இறக்கித்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு பைட்டும் படித்து எழுதப்படும். பழையதை அழிப்பது தனி வேலை.

கோப்பின் உரிமையாளர் பெயராக அல்ல, எண்ணாகவே டிஸ்கில் பதிந்திருக்கும். உபுண்டுவில் முதல் பயனருக்கு 1000. ரூட்டாக இருந்து சாதாரணமாகப் பிரதி எடுத்தால் எல்லாம் ரூட்டின் சொத்தாகிவிடும்; ஆகவே உரிமை, அனுமதி, நேரம் மூன்றையும் காக்கும் தெரிவோடு 'ஆர்சிங்க்' கட்டளையை ஓடவிடுவார்கள். அந்த நேரத்தில் பயனர் எவரும் உள்ளே இருக்கக்கூடாது. திறந்திருக்கும் பயர்பொக்ஸ் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருந்தால் பிரதியில் பாதி பழசு, பாதி புதுசு.

ஒன்று சொல்ல வேண்டும். புதுப் பார்ட்டிஷன் அதே டிஸ்கில் இருந்தால் அது காப்புப்பிரதி அல்ல. டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் சுனாமியும் கண்ட கரையில், பிரதி இன்னொரு ஊரில் இருப்பதே புத்தி.

பிரதி முடிந்ததும் பழைய ஹோமுக்கு வேறு பெயரிட்டு, வெறும் அடைவொன்றை உருவாக்கி, அதன்மீது புதிய பார்ட்டிஷனைப் பொருத்த வேண்டும். அதன் அடையாள எண்ணை 'எஃப்எஸ்டேப்' கோப்பில் எழுதுவார்கள். டிஸ்கின் பெயர் மறுதொடக்கத்தில் மாறலாம், அந்த எண் மாறாது. பெயர் மாற்றாமல் நேரே மேலே பொருத்தினால் பழைய கோப்புகள் அடியில் மறைந்துபோகும், இடத்தை மட்டும் விடாது. எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் ரூட் பார்ட்டிஷன் நிரம்பியே இருக்கிறது என்று குழம்புவோர் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான்.