எண்ணெய் நாடு குவைத்

பாரசீகக் குடாவின் வடமேற்கு மூலையில், ஈராக்குக்கும் சவூதி அரேபியாவுக்கும் இடையே ஆப்பு இறக்கினாற்போல் அமைந்திருக்கும் சிறு நாடு குவைத். அராபியர் அக்கடலை அராபியக் குடா என்றே அழைப்பர். பெயரிலேயே வழக்குடைய கடல் அது. நாட்டின் பரப்பு ஏறக்குறைய 6,900 சதுர மைல். அங்கு ஆறு இல்லை, ஏரியும் இல்லை. மேற்கெல்லையில் வாடி அல் பாத்தின் என்னும் பள்ளத்தாக்கு ஒன்று உண்டெனினும், மழை பெய்த சில நாட்களிலன்றி அதில் நீரைக் காண்டல் அரிது. ஆண்டு மழையோ சராசரி ஐந்து அங்குலத்தை எட்டுவதில்லை. மலை என்று சொல்லத்தக்கது யாதுமின்றி, கீழ்த்திசைக் கடற்கரையிலிருந்து மெல்ல மெல்ல உயர்ந்து செல்லும் நிலம் மேற்கு மூலையில் ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்தை அடைகிறது.

கோடைக்காலத்தில் வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் என்னும் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து பகலை மங்க வைக்கும். 2016ஆம் ஆண்டு யூலை 21ஆம் நாள் மித்ரிபா என்னுமிடத்தில் வெப்பம் 53.9 பாகை சதமளவைத் தொட்டது. ஆசியாக் கண்டத்தில் நம்பத்தகுந்த முறையில் அளக்கப்பட்ட வெப்பத்துள் இதுவே உயர்ந்தது என உலக வானிலை அமைப்பு பின்னர் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது.

இத்தகைய நிலத்தில் மக்கள் ஏன் குடியேறினர் என்ற வினாவுக்கு விடை நிலத்தில் இல்லை, கடலில் உண்டு. குடாவின் தலைப்பகுதியில் கரை உள்வாங்கி, மரக்கலங்கள் அச்சமின்றித் தங்குதற்குரிய விரிகுடா ஒன்று அமைந்துள்ளது. நஜ்துப் பாலையிலிருந்து வெளியேறிய பனூ உத்துப் என்னும் குலத்தார் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கு வந்து தங்கினர். குவைத் என்ற சொல்லே சிறு கோட்டை எனப் பொருள்படும். அக்குலத்துள் ஸபாஹ் குடும்பத்தார் ஆட்சியை ஏற்றனர். அவர்களுடன் வந்த கலீபா குடும்பத்தார் பிரிந்து சென்று 1783இல் பஹ்ரைனைக் கைப்பற்றினர். இரு குடும்பங்களின் வழித்தோன்றல்களும் அவ்வந்நாடுகளை இன்றும் ஆள்கின்றனர்.

எண்ணெய் வருமுன் குவைத்தின் செல்வம் முத்தும் மரக்கலமுமே. கோடையில் நான்கு மாத காலம் நகரத்து ஆண்களுட் பெரும்பாலோர் முத்துக்குளிக்கச் சென்றுவிடுவர். மூக்கிற் கவ்வியும் காலிற் கல்லும் கட்டி இறங்கும் சுழியோடிக்குக் கூலி இல்லை, பங்கே உண்டு. ஆனால் நகுதா எனப்படும் கலத்தலைவனிடம் அவன் முன்பணம் பெற்றிருப்பான். பங்கு பெரும்பாலும் அக்கடனிற் கரைந்துபோகும். தந்தை தீர்க்காத கடன் மகன் தலையில் விழுவதும் உண்டு. குடாநாட்டு அராபியச் சுழியோடிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்ப் பகுதியின் மரிச்சுக்கட்டிக்கும் வந்து, இலங்கையின் முத்துப் பார்களிற் குளித்தனர். மாரியில் அவர்களது பெரிய மரக்கலங்கள் பஸ்ராவின் பேரீச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு மலையாளக் கரைக்கும் கிழக்காபிரிக்காவுக்கும் பாய்விரிக்கும். கலங்கட்டத் தேவையான தேக்கு மலையாளக் கரையிலிருந்தே வந்தது. புழங்கிய நாணயமும் இந்திய ரூபாயே. 1961இற்றான் குவைத் தனக்கெனத் தினார் நாணயத்தை வெளியிட்டது.

குடிநீரின் கதை இன்னும் வியப்புக்குரியது. நகரத்துக் கிணறுகள் உவர்ப்பாகி, பெருகிய மக்களுக்குப் போதாமற் போகவே, ஷத் அல் அராப் ஆற்றிலிருந்து மரக்கலங்களில் நீர் ஏற்றி வந்து விற்கலாயினர். வீடு வீடாகத் தோற்பையில் நீர் சுமந்து விற்போர் தெருக்களில் திரிந்தனர். கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் பெரிய ஆலை 1953இல் இயங்கத் தொடங்கிய பின்னரே அந்நிலை மாறியது.

அரசியலில் இச்சிறு துறைமுகம் பெரியோர் நடுவே அகப்பட்டது. 1896இல் தன் உடன்பிறந்தார் இருவரைக் கொன்று ஆட்சிக்கு வந்த ஷெய்க் முபாரக், துருக்கியரின் பிடிக்கு அஞ்சி, 1899 சனவரி 23ஆம் நாள் பிரித்தானியருடன் இரகசிய உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டார். பிரித்தானியரின் சம்மதமின்றி நிலத்தின் எப்பகுதியையும் பிறருக்குக் கொடுப்பதில்லை என்பது அதன் சாரம். வெளிவிவகாரம் இவ்வாறு கைமாறியதன் விளைவு 1922இல் தெரிந்தது. உக்கைர் என்னுமிடத்தில் நடந்த மாநாட்டில் பிரித்தானிய அதிகாரி சேர் பேர்சி கொக்ஸ் எல்லைக்கோட்டை வரைந்தபோது, குவைத் தனதென உரிமை கோரிய நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு இப்னு சவூதின் பக்கம் போயிற்று. வேறொரு பகுதி இருவருக்கும் பொதுவான நடுநிலை வலயமாக விடப்பட்டது. வெறும் மணல் என்று அன்று பங்கிடப்பட்ட அவ்வலயத்திலும் பின்னர் எண்ணெய் ஊற்றெடுத்தது. அதனை இரு நாடுகளும் இன்றும் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன.

முத்துத் தொழில் 1930க்குப் பின் வீழ்ந்தது. யப்பானியர் வளர்த்த முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் ஒருங்கே தாக்கின. அவ்வறுமைக் காலத்தில், 1934 டிசம்பரில், ஷெய்க் அஹ்மத் அல் ஜாபிர் எண்ணெய் தேடும் உரிமையை 75 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தார். பெற்ற குவைத் எண்ணெய்க் கம்பனியில் பாதி பிரித்தானியருடையது. மறுபாதி அமெரிக்காவின் கல்ப் கம்பனிக்குரியது. பஹ்ரா என்னுமிடத்தில் 1936இல் துளைத்த முதற் கிணறு பயன்றரவில்லை. 1938 பெப்ரவரியில் தெற்கே புர்கானில் எண்ணெய் பீறிட்டது. உலகில் இதனினும் பெரிய எண்ணெய் வயல் சவூதியின் கவார் ஒன்றேயாம். ஆயினும் இரண்டாம் உலகப் போரில் கிணறுகள் அடைக்கப்பட்டன. முதற் கப்பல் எண்ணெயுடன் புறப்பட்டது 1946 யூன் 30ஆம் நாளிற்றான்.

1950இல் ஆட்சிக்கு வந்த ஷெய்க் அப்துல்லா அல் சாலிம் மறு ஆண்டே கம்பனியின் இலாபத்திற் பாதியை நாட்டுக்கு உரியதாக்கினார். நகரத்தைச் சுற்றி 1920இல் எழுப்பிய மண்மதில் 1957இல் இடிக்கப்பட்டது. வாயில்கள் மட்டும் எஞ்சின. கல்வியும் மருத்துவமும் இலவசமாயின. வருமான வரி இல்லை. 1953இலேயே, எஞ்சிய பணத்தை முதலீடு செய்ய இலண்டனில் ஒரு சபை அமைக்கப்பட்டது. எண்ணெய்ப் பணத்தை இவ்வாறு பேணிய முதல் நாடு குவைத் எனலாம். 1976இல் வருங்காலத் தலைமுறையினர்க்கெனத் தனி நிதியம் சட்டமாகி, அரச வருவாயில் ஆண்டுதோறும் பத்திலொரு பங்கு அதிற் சேர்க்கப்பட்டது. எண்ணெய்த் தொழில் முழுவதும் 1975இல் அரசுடைமையாயிற்று. இவ்வளவு முன்யோசனையுள்ள நாட்டில்தான், 1982இல் சூக் அல் மனாக் என்னும் அங்கீகாரமற்ற பங்குச் சந்தை சரிந்தபோது, பின்தேதியிட்ட காசோலைகள் மட்டும் தொண்ணூறு பில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு எழுதப்பட்டிருந்தமை வெளியாயிற்று. தலைமுறைகளுக்குச் சேமித்ததும் நாட்கணக்கில் இழந்ததும் ஒரே பணமே.

நாட்டிற் சுமார் ஐம்பது இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவருட் குவைத்தியப் பிரசைகள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே. பிரசைகளுட் பெரும்பான்மையோர் சுன்னி முஸ்லிம்கள்; ஷியாக்களும் கணிசமாக உளர். 1920க்கு முன் அங்கு குடியிருந்தோரின் வழியினரே இயல்பான பிரசைகள் என 1959ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அக்காலத்திற் பாலையில் ஒட்டகம் மேய்த்துத் திரிந்தோர் பலர் பதிவுக்கு வரவில்லை. அவர்தம் மக்களும் பேரரும் பிதூன், அதாவது குடியுரிமை இல்லாதார் என்ற பெயருடன் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேராக வாழ்கின்றனர். பிறந்த மண் அதுவே, பத்திரமோ இல்லை. 2024இற்குப் பின்னர் குடியுரிமை பெற்றிருந்த பல்லாயிரவர் அதனை இழக்கவும் நேர்ந்தது. அவருள் குவைத்தியரை மணந்து குடியுரிமை பெற்ற பெண்கள் பலர்.

எஞ்சியோர் பிழைப்புக்காக வந்த அந்நியர். இந்தியர் தொகை சுமார் பத்து இலட்சம். எகிப்தியர், பங்களாதேசியர், பிலிப்பீனியர், இலங்கையர் ஆகியோரும் உளர். அழைத்த எசமானரின் பொறுப்பிலேயே தொழிலாளி தங்கியிருக்கும் கபாலா என்னும் முறை அங்கு வேரூன்றியது. எசமானர் இசையாவிடின் தொழில் மாறுதல் எளிதன்று. வீட்டுப் பணிப்பெண்களின் நிலை இதிலும் கடினமானது. நான்கு சுவர்களுக்குள் நடப்பதைப் பார்க்க வரும் அதிகாரி யார்? வேலை நேரம், வார ஓய்வு, ஆண்டு விடுமுறை ஆகியவற்றை அவர்க்கு வகுத்த சட்டம் 2015இலேயே பிறந்தது.

குவைத் 1961 யூன் 19ஆம் நாள் சுதந்திரம் பெற்றது. 1962 நவம்பர் மாதத்து அரசியலமைப்பின்படி அமீர் பதவி முபாரக்கின் வழியினர்க்கே உரியது. அமீரே பிரதமரை நியமிப்பார். ஆயினும் ஐம்பது உறுப்பினரைக் கொண்ட தேசிய சபை மக்களால் தெரிவு செய்யப்பட்டது. அமைச்சரைக் கூப்பிட்டு வினவவும், அவரிடம் நம்பிக்கை இல்லையென வாக்களிக்கவும் அதற்கு அதிகாரம் இருந்தது. அயல்நாட்டு முடியாட்சிகளில் இதற்கு நிகரான சபை இல்லை. 2006 சனவரியில், நோயுற்றிருந்த புதிய அமீர் ஷெய்க் சஅதைப் பதவியினின்று நீக்கச் சபையே வாக்களித்தது. பெண்கள் 2005இல் வாக்குரிமை பெற்றனர். 2009இல் நால்வர் சபைக்குத் தெரிவாயினர். ஆண்கள் மாலையிற் கூடிப் பேசும் திவானியா என்னும் வீட்டுக்கூடமே அரசியலுக்குப் பள்ளிக்கூடம்.

அச்சபை 1976இலும் 1986இலும் கலைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது. 2024 மே 10ஆம் நாள் அமீர் ஷெய்க் மிஷ்அல் மீண்டும் சபையைக் கலைத்து, அரசியலமைப்பின் சில உறுப்புரைகளை நான்கு ஆண்டுக்கு மேற்படாத காலத்துக்கு நிறுத்திவைத்தார். சபைக்கும் அமைச்சரவைக்கும் ஓயாத பிணக்கு, அதனால் திட்டங்கள் தேங்கின என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பிணக்கு இருந்தது உண்மை. எனினும், வரி செலுத்தாத மக்கள் தம் நாட்டுச் செல்வத்தின் கணக்கைக் கேட்கக்கூடிய இடமும் அது ஒன்றே.

1990 ஓகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படை எல்லை கடந்தது. ஈரானுடன் எட்டாண்டு போரிட்டுக் கடனில் மூழ்கிய சதாம் ஹுசைன், குவைத் அளவுக்கு மிஞ்சி எண்ணெய் எடுத்து விலையை வீழ்த்துகிறதெனக் குற்றஞ்சாட்டியிருந்தார். ஏழு மாத ஆக்கிரமிப்பில் அமீர் சவூதியில் தங்கினார். பல்லாயிரம் இலங்கையர் கையில் எதுவுமின்றிப் பாலைவழியே யோர்தான் சென்று தாய்நாடு திரும்பினர். பின்னர் ஐக்கிய நாடுகளின் நட்டஈட்டு ஆணைக்குழு அவர்களுக்கும் ஈடு வழங்கியது. பின்வாங்கிய படை அறுநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணறு 1991 நவம்பர் 6ஆம் நாள் அடைக்கப்பட்டது. ஈராக் செலுத்தவேண்டிய 52.4 பில்லியன் டொலரின் இறுதித் தவணை 2022 சனவரியிலேயே தீர்ந்தது. அதுவரை அங்கு வாழ்ந்த பலத்தீனருள் மிகப் பெரும்பாலோர் போருக்குப்பின் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பள்ளிகளையும் அலுவலகங்களையும் கட்டியெழுப்பியவர்கள் அவர்கள்.

அரச வருவாயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு எண்ணெயிலிருந்தே வருகிறது. வேலை செய்யும் பிரசைகளிற் பெரும்பாலோர் அரச உத்தியோகத்தர். மின்சாரம் வீடுகளுக்கு அலகொன்று 2 பில்ஸ் வீதம், அதாவது தினாரில் ஐந்நூறிலொரு பங்கு விலையில், பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வந்தது. அம்மின்சாரத்தை ஆக்குவதும் கடல்நீரை வடிப்பதும் எண்ணெயும் எரிவாயுவுமே. கோடையில் குளிரூட்டிகள் ஓய்வின்றி இயங்க, ஏற்றுமதிக்குரிய எரிபொருளில் ஒரு பங்கு வீட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. எஞ்சும் எண்ணெயை அகமதித் துறையில் ஏற்றும் கப்பல்கள் ஹோர்முஸ் நீரிணை வழியாகவே வெளிச்செல்ல வேண்டும். வேறு கடல்வழி குவைத்துக்கு இல்லை. அரிசியும் கோதுமையும் சுமந்து வரும் கப்பல்களும் அதே நீரிணை வழியாகவே உள்ளே வருகின்றன.