ஆறு மாநிலங்களை இணைக்கும் பெருந்தெரு

தெருக்களின் வரலாறு நாடுகளின் வரலாறேயாகும். மன்னர் கட்டிய கோட்டைகள் மண்மேடாகின்றன. மக்கள் நடந்த வழிகளோ பெயரும் உருவும் மாறித் தொடர்ந்து வாழ்கின்றன. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பாகத்திலுள்ள 81ஆம் இலக்க மாநிலங்களிடைப் பெருந்தெருவாகும்.

தென்னெசி மாநிலத்தின் டான்றிட்ஜ் என்னும் ஊருக்கு அருகே 40ஆம் இலக்கப் பெருந்தெருவிலிருந்து இது தொடங்குகின்றது. வடகிழக்கு நோக்கிச் சென்று, வேர்ஜீனியா, மேற்கு வேர்ஜீனியா, மேரிலாந்து, பென்சில்வேனியா, நியூயோர்க் ஆகிய மாநிலங்களைக் கடந்து, சென் லோறன்ஸ் ஆற்றின் ஆயிரம் தீவுகளிடையே கனடாவின் எல்லையை அடைகின்றது. இதன் நீளம் 855 மைல். அஃதாவது 1,376 கிலோமீற்றர். வேர்ஜீனியாவில் மட்டும் ஏறத்தாழ 325 மைல். மேரிலாந்திலோ 12 மைல்தான்.

இலக்கத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. அந்நாட்டின் மாநிலங்களிடைப் பெருந்தெருக்களுள் வடக்குத் தெற்காகச் செல்லும் முதன்மைத் தெருக்களுக்கு ஒற்றை எண்களும், கிழக்கு மேற்காகச் செல்வனவற்றுக்கு இரட்டை எண்களும் இடப்பட்டுள்ளன. ஒற்றை எண்கள் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருகும். ஆகவே 81 என்ற எண்ணைக் கண்டதும், இத்தெரு நாட்டின் கிழக்குப் பாகத்தில் வடக்குத் தெற்காகச் செல்வது என்பதை மாணவர்கள் படம் பாராமலே கூறிவிடலாம்.

இத்தெருவுக்கு வழி வகுத்தது இயற்கையே எனலாம். அப்பலாச்சிய மலைத்தொடர்களிடையே வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டதொரு பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. மலைகளை ஏறிக் கடப்பதினும் அவற்றின் அடிவாரத்தே செல்லுதல் எளிதன்றோ? ஐரோப்பியர் வருமுன்னரே அங்கு வாழ்ந்த பூர்வீகக் குடிகள் வேட்டைக்கும் வாணிகத்துக்கும் போருக்கும் இவ்வழியாகவே சென்றனர். 1744ஆம் ஆண்டில் லங்காஸ்ரர் என்னுமிடத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, இரொகுவா மக்கள் வேர்ஜீனியப் பள்ளத்தாக்கின்மீது தமக்கிருந்த உரிமையைக் கைவிட்டனர். அவர்தம் ஒற்றையடிப் பாதையில் ஜெர்மானியரும், அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து வந்த ஸ்கொத்லாந்து வழியினரும், மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமாகத் திரள்திரளாய்த் தெற்கே சென்றனர். அப்பாதை ‘பெரிய வண்டிப் பாதை’ என்று பெயர் பெற்றது.

1834ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஒரு கம்பனி, வின்செஸ்ரர் தொடக்கம் ஸ்ரோன்ரன் வரையுள்ள பகுதிக்குக் கல் பரப்பி, ஆயம் வாங்கும் தெருவாக்கியது. 1861இல் மூண்ட உள்நாட்டுப் போரில், வண்டிகள் சென்ற அதே தெருவில் படைகள் சென்றன. கோதுமை விளைந்த செனன்டோவாப் பள்ளத்தாக்கு தென்னவரின் களஞ்சியமாய் விளங்கியமையால், 1864இல் வடவர் தளபதி செரிடனின் படையினர் களஞ்சியங்களையும் ஆலைகளையும் தீக்கிரையாக்கினர். தெரு நன்மையை மட்டுமே கொண்டுவருவதில்லை என்பதை அப்பள்ளத்தாக்கு மக்கள் அன்றே அறிந்தனர்.

மோட்டார் வண்டிகள் பெருகிய பின்னர், 1926இல் அப்பழைய வழி 11ஆம் இலக்க நெடுஞ்சாலையாயிற்று. முப்பது ஆண்டுகளின் பின், 1956 யூன் 29ஆந் திகதி, ஜனாதிபதி ஐசனோவர் பெருந்தெருச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1919இல் இராணுவ வண்டித் தொடரொன்றுடன் வாஷிங்ரனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 62 நாள் பயணஞ் செய்து, தெருக்களின் கேட்டை நேரிற் கண்டவர் அவர். செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசாங்கம் ஏற்றது. 81ஆம் இலக்கத் தெருவும் அத்திட்டத்தில் எழுந்ததே. பழைய 11ஆம் இலக்கத் தெரு இன்றும் பெரும்பாலும் அதன் பக்கத்திலேயே செல்கின்றது.

கடற்கரையிலுள்ள மாநகரங்களின் நெரிசலைத் தவிர்க்க விரும்பும் லொறிச் சாரதிகள் இத்தெருவையே நாடுகின்றனர். லொறிகளின் பெருக்கத்தால் விபத்தும் தாமதமும் மிகவே, வேர்ஜீனியா அரசு 2019இல் இதன் திருத்தத்துக்கெனத் தனி நிதியமொன்றை ஏற்படுத்தியது.

இனி, இத்தெருவின் வடபாகத்திலுள்ள சிரக்கியூஸ் நகரை நோக்குவோம். நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த இந்நகரில், 1960ஆம் ஆண்டுகளில், பெருந்தெருவை ஊருக்கு நடுவே தூண்களின்மேற் கொண்டுசென்றனர். அதற்கு இரையானது பதினைந்தாம் வட்டாரம். முன்னர் யூதர்களும், பின்னர் வேறிடங்களில் எளிதில் வீடு பெறமுடியாத கறுப்பின மக்களும் கடையும் கோயிலும் அமைத்து வாழ்ந்த இடம் அது. நகரப் புனரமைப்பும் பெருந்தெருவும் சேர்ந்து ஏறத்தாழ 1,300 குடும்பங்களை அங்கிருந்து பெயர்த்தன. எஞ்சியோர் வாகனங்களின் இரைச்சலையும் புகையையும் தினந்தோறும் தாங்கி வாழ்ந்தனர். அறுநூறு மைலுக்கு அப்பாலுள்ள ஊரைக் கிட்டக் கொணர்ந்த தெரு, அடுத்த வீதியிலிருந்த அயலாரை எட்டச் செய்தது!

காலத்தால் அம்மேம்பாலம் நலிவுற்றது. மீளக் கட்டுவதா, அகற்றுவதா என்று பல ஆண்டுகள் வாதம் நிகழ்ந்தது. போக்குவரத்து வேறு வழிச் செல்லின் தம் வருவாய் குன்றும் என அயலூர் வணிகர் அஞ்சினர், அவ்வச்சம் காரணமற்றதன்று. ஈற்றில், மேம்பாலத்தை அகற்றி, தூரப் பயணிகளை நகரின் கிழக்கேயுள்ள சுற்றுத்தெருவால் அனுப்பி, ஊருக்குள் சாதாரண வீதிகளை அமைப்பதென 2022இல் முடிவாயிற்று. வழக்கொன்று குறுக்கிட்டபோதும், 2023இல் வேலை தொடங்கிற்று. 81 என்ற இலக்கமும் சுற்றுத்தெருவுக்கே உரியதாகும்.

ஆயினும், மேம்பாலம் நீங்கியபின் வெறுமையாகும் நிலம் யாரைச் சேரும்? வாடகை உயர்ந்து, தாமே மீண்டும் பெயர்க்கப்படுவோமோ என அங்குள்ள ஏழை மக்கள் கேட்கின்றனர். இடிந்த வீடுகளை எவராலும் திருப்பிக் கொடுக்க இயலாது. அந்நிலத்தில் அவர்தம் பிள்ளைகளுக்கு இடமளிக்க இயலும். தெரு போடுவோர் அதன்மேல் விரையும் வண்டிகளை எண்ணுவது வழக்கம். அதன் ஓரத்தே வாழும் வீடுகளையும் எண்ணுதல் வேண்டும் என்பதே இப்பெருந்தெரு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.