உங்களுக்குத் தெரியுமா? பங்க் பெட்ரோலில் ஸ்ட்ரோக்கர் எஞ்சின்

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டு எல்லை ஊர் ஆரம்பாக்கம், தாண்டினால் தடா. ஆந்திராவில் பெட்ரோல் விலை அதிகம் என்பதால், எல்லைக்கு முன்பே டேங்கை நிரப்பிக்கொள்பவர்கள் உண்டு. விலைதான் மாறும், தர விதி நாடு முழுக்க ஒன்றே. எஞ்சினிலிருந்து எவ்வளவு குதிரைத்திறன் எடுக்கலாம் என்பதற்கு எல்லைக்கோடு போடுவது அந்த பெட்ரோலின் ஆக்டேன் எண்.

* சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டால் அது 'போர்' வேலை. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தைக் கூட்ட வேறு கிராங்க் போட்டால்தான் 'ஸ்ட்ரோக்கர்'. 1955 முதல் திருவொற்றியூரோடு பிணைந்த பழைய புல்லட்டைப் பாருங்கள்: 350-இல் போர் 70 மி.மீ., 500-இல் 84 மி.மீ. ஸ்ட்ரோக் இரண்டிலும் 90 மி.மீ.தான். ஆகவே புல்லட் 500 ஸ்ட்ரோக்கர் அல்ல.

* அசல் உதாரணம் நம் திருவள்ளூரிலேயே இருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் மிட்சுபிஷி லான்சரை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. பிறகு வந்த லான்சர் செடியாவில் இருந்தது 4ஜி94 எஞ்சின். அதே குடும்பத்தின் 1.8 லிட்டர் 4ஜி93-க்கு ஸ்ட்ரோக் 89 மி.மீ.; 4ஜி94-க்கு 95.8 மி.மீ. போரில் கூட்டியது அரை மில்லிமீட்டர்தான். மீதியெல்லாம் கிராங்க் தந்தது: 1834 சிசி, 1999 சிசி ஆனது. கம்பெனியே செய்த ஸ்ட்ரோக்கர் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். பங்க்கில் கிடைத்த சாதாரண பெட்ரோலில் ஓடிய கார் இது. இந்திய ராலிகளிலும் பெயர் வாங்கியது.

* ஸ்ட்ரோக்கைக் கூட்டினால் கம்ப்ரஷனும் தானாக ஏறும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு கணக்கு: 81 மி.மீ. போர், 89 மி.மீ. ஸ்ட்ரோக், கம்ப்ரஷன் 9.5 என்றால் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 54 சிசி. அந்த இடத்தைத் தொடாமல் ஸ்ட்ரோக்கை மட்டும் 95.8 ஆக்கினால் கம்ப்ரஷன் 10.15-ஐத் தொடும். பெட்ரோலின் ஆக்டேன் தாங்கும் எல்லையை மீறி அழுத்தினால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன் ஓரத்தில் மிஞ்சிய கலவை தானே வெடித்துவிடும். லோடில் டிக் டிக் என்று உலோகம் தட்டுவதுபோல் கேட்பது அதுதான்: நாக்கிங். தொடர்ந்தால் பிஸ்டன் தலை ஓட்டையாகும். மருந்து, நடுவில் குழியுள்ள பிஸ்டன். பிஸ்டனில் பின் பொருந்தும் துளையையும் மேலே ஏற்றியாக வேண்டும்; இல்லாவிட்டால், ஸ்ட்ரோக் 6.8 மி.மீ. கூடும்போது பிஸ்டன் மேலே 3.4 மி.மீ. அதிகம் ஏறி ஹெட்டில் இடிக்கும்.

* ஆக்டேன் ஏறியிருக்கிறது. மாசு விதி பிஎஸ்–2 ஆக இருந்த காலத்தில் 88, பிஎஸ்–4 வந்தபோது 91, இருபது சதவீத எத்தனால் கலப்பில் 95 என்கிறது பெட்ரோலிய அமைச்சகம். எத்தனால் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கவும் செய்கிறது. நாக்கிங்குக்கு அது நல்ல தடை. ஆனால் ஒரு கிலோ எத்தனாலில் இருக்கும் வெப்பம் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. பழைய கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றாமல் விட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். 100 ஆக்டேன் வேண்டுவோருக்கு இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 கொண்டுவந்தது. எல்லா பங்க்கிலும் கிடைக்காத பெட்ரோலை நம்பி எஞ்சின் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

* 6000 ஆர்பிஎம்மில் 89 மி.மீ. ஸ்ட்ரோக் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17.8 மீட்டர். 95.8 என்றால் 19.2. கனெக்டிங் ராடு போல்ட் தாங்க வேண்டிய இழுவையும் ஏறும். ஸ்ட்ரோக்கர் தரும் பலன் கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கும் இழுவை. மேலே முறுக்குவதற்கு அது பிறக்கவில்லை.

* அதே சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், செங்குன்றம் தாண்டி வரும் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. நடத்தியது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதை 1990-இல் வந்தபின் பந்தயம் அங்கே போய்விட்டது. எஞ்சினை முறுக்கிப் பார்க்க அந்தப் பாதையே இடம், நெடுஞ்சாலை அல்ல. ஆர்சி புத்தகத்தில் உள்ள சிசியை நாமாக மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருவதில்லை.

கிராங்கை லேத்துக்கு அனுப்புமுன் ஒரு வேலை: ஹெட்டைக் கழற்றி, வால்வுகளை மூடி, ஹெட்டின் குழியில் எத்தனை மில்லி எண்ணெய் பிடிக்கிறது என்று பியூரெட்டில் அளந்து எழுதி வையுங்கள்.